பைக்கில் ஜிபிஎஸ் இணைப்பது எப்படி: பேட்டரி முதல் ஹேண்டில்பார் வரை

ஹேண்டில்பாரில் மாட்டும் ஜிபிஎஸ் வழிகாட்டிக்குத் தேவையான மின்சாரம் மிகக் குறைவு. ஐந்தங்குலத் திரையை முழு வெளிச்சத்தில் வைத்தாலும் பெரும்பாலும் 10 வாட்டுக்குள் அடங்கிவிடும். வண்டியின் ஒரு இண்டிகேட்டர் பல்பும் 10 வாட்தான். இத்தனை சின்னச் சுமையை இணைத்த பிறகு காலையில் செல்ஃப் எடுக்காமல் போகிறது, இரவில் ஃபியூஸ் போய் வண்டி மொத்தமாக அணைகிறது, டேங்குக்கு அடியில் வயர் உருகுகிறது. இதில் கருவியின் மேல் குற்றம் இல்லை. வயர் எங்கே தொடங்குகிறது, சாவியை அணைத்தால் அதில் மின்சாரம் நிற்கிறதா, 12 வோல்ட் எந்த இடத்தில் 5 வோல்ட்டாக இறங்குகிறது என்ற மூன்றையும் முடிவு செய்யாமல் இணைத்துவிடுவதால் வரும் வினை இது.

வண்டியில் உண்மையில் எத்தனை வோல்ட்?

12 வோல்ட் என்பது பெயருக்குத்தான். முழுதாகச் சார்ஜ் ஏறிய லெட்-ஆசிட் பேட்டரி ஓய்வில் 12.6 முதல் 12.8 வோல்ட் காட்டும். 12.0 காட்டினால் அதில் கால்வாசிச் சார்ஜ்தான் மிச்சம். செல்ஃப் மோட்டார் சுற்றும் அந்த ஓரிரு நொடிகளில் 9, 10 வரை சரியும். என்ஜின் ஓடத் தொடங்கியதும் என்ஜின் சுழற்றும் மின்னாக்கியான மேக்னெட்டோவிலிருந்து வரும் ஏசி மின்சாரத்தை (திசை மாறி மாறி ஓடுவது) ரெகுலேட்டர் ரெக்டிஃபையர் டிசியாக (ஒரே திசையில் ஓடுவதாக) மாற்றி 13.5 முதல் 14.5 வோல்ட்டுக்குள் வைத்திருக்கும். ஆகவே கருவிக்குப் போகும் வயரில் 9 முதல் 14.5 வரை எதுவும் வரலாம். பேட்டரி டெர்மினல் தளர்ந்து ஓடும்போது விட்டுவிட்டுத் தொட்டால் இதைவிடப் பல மடங்கு உயரமான துள்ளல்களும் வரும்.

வேலை தொடங்கும் முன் மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்து, என்ஜினைச் சுமார் 4000 ஆர்பிஎம்முக்கு ஏற்றிப் பாருங்கள். 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெக்டிஃபையர் பழுது. அதை மாற்றும்வரை விலை உயர்ந்த எதையும் அந்த வண்டியில் இணைக்கக் கூடாது. 13-க்கு மேல் ஏறவே இல்லையென்றால் சார்ஜிங் சரியில்லை. அந்த நிலையில் ஜிபிஎஸ் இணைத்தால் பேட்டரி இறங்கும்போது பழி ஜிபிஎஸ் மேல் விழும்.

இன்னொன்று, பைக் பேட்டரியின் அளவு. 100 முதல் 125 சிசி வண்டிகளில் பெரும்பாலும் 3 முதல் 5 ஆம்பியர்-மணி பேட்டரிதான் இருக்கும். 350 சிசி வண்டிகளில் 8 ஆம்பியர்-மணி அளவில் இருக்கும். காரில் 35-க்குக் குறையாது. அதனால் சார்ஜரை இரவெல்லாம் சாக்கெட்டிலேயே விட்டுவிடும் கார்ப் பழக்கம் இங்கே செல்லாது.

ஹெட்லைட் வயரை நம்பாதீர்கள்

ஜிபிஎஸ் ஹேண்டில்பாரில் இருக்கிறது, ஹெட்லைட் அதற்கு நேர் கீழே இருக்கிறது, ஆகவே அங்கிருந்தே எடுத்துவிடலாம் என்று தோன்றும். இந்தியாவில் ஓடும் பழைய 100, 125 சிசி வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வருவதில்லை. மேக்னெட்டோவிலிருந்து நேராக ஏசியாகவே வருகிறது. ஆக்சிலரேட்டரை முறுக்கினால் விளக்கு பளிச்சென்று ஆவதும் ஐட்லிங்கில் மங்குவதும் இதனால்தான். 12 வோல்ட்டை 5 ஆக்கும், டிசிக்குச் செய்யப்பட்ட மாற்றியை இந்த வயரில் இணைத்தால் அது சில நிமிடங்களில் இறந்துபோகலாம். இறக்காவிட்டாலும் ஜிபிஎஸ் அணைந்து அணைந்து எரியும்.

என்ஜினை அணைத்துவிட்டுச் சாவியை மட்டும் போடுங்கள். ஹாரன், பிரேக் லைட், இண்டிகேட்டர் வேலை செய்தால் அவை பேட்டரியின் டிசியில் ஓடுகின்றன. ஹெட்லைட் எரியாவிட்டால் அது ஏசியாக இருக்கலாம். அல்லது என்ஜின் ஓடினால்தான் எரியும்படி அமைத்த புதிய வண்டியாக இருக்கலாம். இரண்டில் எதுவானாலும் அந்த வயரைத் தொடாமல் விட்டுவிடுங்கள். அதைவிட நல்ல இடங்கள் உண்டு.

தொடக்கூடாத வேறு வயர்களும் இருக்கின்றன: ஏபிஎஸ் யூனிட்டுக்குப் போவது, ஃபியூயல் பம்ப்புக்கும் என்ஜினின் கணினியான ஈசியூவுக்கும் போவது, சென்சார் வயர்கள் எல்லாமே. அவற்றில் அரை வோல்ட் குறைந்தாலும் மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரியக்கூடும். பிஎம்டபிள்யூ போன்ற, கேன் பஸ் எனும் கணினி வலையமைப்பு உள்ள வண்டிகளில் வண்டியின் கணினி சில இணைப்புகளில் ஓடும் மின்சாரத்தைக் கண்காணிக்கிறது. எதிர்பாராத சுமை தெரிந்தால் இணைப்பையே துண்டித்துவிடும். அங்கே ஜிபிஎஸ்ஸுக்கென்று கம்பெனியே விட்டிருக்கும் கப்ளரை (செருகு இணைப்பை) தேடுங்கள், இல்லாவிட்டால் பேட்டரிக்கே போய்விடுங்கள். மின் ஸ்கூட்டரில் சக்கரத்தை ஓட்டும் பெரிய பேட்டரியின் பக்கமே கை போகக் கூடாது. விளக்குகளுக்கென்று அதில் தனியாக 12 வோல்ட் லைன் இருக்கிறது. வேலை எல்லாம் அதில் மட்டும்.

எங்கிருந்து எடுப்பது

மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி பேட்டரியிலிருந்து நேராக எடுப்பது. சுத்தமான மின்சாரம், வண்டியின் எந்த வயரையும் வெட்ட வேண்டாம், வாரண்டிக்கும் பாதகம் குறைவு. ஆனால் சாவியை அணைத்தாலும் மின்சாரம் நிற்காது. ஜிபிஎஸ்ஸைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோனாலும், 5 வோல்ட் மாற்றி மட்டும் சும்மா இருந்தபடி 5 முதல் 10 மில்லி ஆம்பியர் குடித்துக்கொண்டிருக்கும். 10 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 0.24 ஆம்பியர்-மணி. 4 ஆம்பியர்-மணி பேட்டரி எட்டே நாளில் பாதியாகிவிடும். இரண்டு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் வண்டியைத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கும். சிவப்பு விளக்கோ வோல்ட் மீட்டரோ வைத்த யுஎஸ்பி சாக்கெட்டுகள் இன்னும் மோசம். இந்த வழியை எடுத்தால் நடுவில் ஒரு சுவிட்ச் கட்டாயம்.

இரண்டாவது வழி, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் வயரிலிருந்து எடுப்பது. ஒற்றை ஜிபிஎஸ்ஸுக்கு இதுவே போதும். நல்ல இடம் பின் பிரேக் சுவிட்ச்சுக்கு வரும் வயர். அந்தச் சுவிட்ச்சில் இரண்டு வயர் இருக்கும்: ஒன்றில் சாவி போட்டதுமே 12 வோல்ட் வரும், மற்றொன்றில் பிரேக்கை மிதித்தால்தான் வரும். முதல் வயரைத்தான் எடுக்க வேண்டும். மாற்றி எடுத்தால் பிரேக் பிடிக்கும்போது மட்டும் வழி காட்டும் ஜிபிஎஸ் கிடைக்கும். முன் பிரேக் சுவிட்ச்சின் வயரும் ஹெட்லைட் கூட்டுக்குள்ளேயே வந்து சேர்வதால், டேங்க்கைக் கழற்றாமல் வேலையை முடிக்க விரும்புகிறவர்களுக்கு அதுவும் வசதி. ஹாரன் வயரைப் பலர் சொல்வார்கள். ஆனால் ஒவ்வொரு முறை ஒலிக்கும்போதும் ஹாரன் காயில் லைனில் மின்துள்ளலை உண்டாக்கும், அதனால் அது இரண்டாம் தேர்வுதான். வயரின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களிலேயே நிறம் மாறும். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரி மைனஸில் தொட்டு, சிவப்பு முனையால் சோதியுங்கள். சாவி போட்டால் 12, அணைத்தால் 0, பிரேக்கை மிதித்தாலும் விட்டாலும் மாறாமல் அதே 12. இந்த மூன்றும் ஒத்துவந்தால் அதுதான் உங்கள் வயர்.

சில வண்டிகளில் இந்தத் தேடலே வேண்டாம். கேடிஎம் அட்வென்ச்சர் வகைகளில் முகப்பு விளக்குக்குப் பின்னால் துணைக்கருவிகளுக்கென்று ஏசிசி 1, ஏசிசி 2 என இரண்டு இணைப்புகள் விட்டிருக்கிறார்கள். ஒன்றில் எப்போதும் மின்சாரம் இருக்கும், மற்றது சாவியோடு வரும். எது எது என்பதை அங்கேயும் மீட்டர் வைத்தே உறுதிசெய்யுங்கள்.

மூன்றாவது வழி ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சின்ன சுவிட்ச். வாகனக் கடையில் 12 வோல்ட் நான்கு பின் ரிலே என்று கேட்டால் தருவார்கள். பின்களுக்குப் பக்கத்தில் 30, 85, 86, 87 என்று எண் இருக்கும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் வயர் 30-க்கு. 87-லிருந்து கருவிக்கு. 86-க்கு சாவியோடு வரும் மெல்லிய வயர், 85-க்கு எர்த் (பேட்டரியின் மைனஸ் பக்கம்). சாவி போட்டதும் உள்ளே காயில் காந்தமாகி 30-ஐயும் 87-ஐயும் சேர்த்துவிடும். கருவிக்கு மின்சாரம் நேரே பேட்டரியிலிருந்து வருகிறது. வண்டியின் சொந்த வயர், ரிலேயைக் கூப்பிடும் வேலையை மட்டும் செய்கிறது. உள்ளே டையோடு வைத்த ரிலே என்றால் 86-க்குத்தான் பிளஸ். மாற்றினால் டையோடு ஷார்ட் ஆகும்.

ரிலே இல்லாமல் எதையும் இணைக்கவே கூடாது என்று அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு. ஒரு ஜிபிஎஸ்ஸுக்கு மட்டும் என்றால் அது மிகை. சாதாரண ரிலேயின் காயிலே 150 மில்லி ஆம்பியர் எடுக்கும். கையடக்க ஜிபிஎஸ் எடுப்பதோ 12 வோல்ட்டில் 250 மில்லி ஆம்பியர்தான். ஆனால் ஜிபிஎஸ்ஸோடு நிறுத்துகிறவர்கள் குறைவு. அடுத்து போனுக்கு யுஎஸ்பி, அதற்கடுத்து ஃபாக் லைட் என்று நீளும். அந்த எண்ணம் இருந்தால் முதலிலேயே ரிலேயையும், நான்கு வாய் உள்ள சின்ன ஃபியூஸ் பெட்டியையும் சீட்டுக்கு அடியில் வைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

ஃபியூஸ் யாரைக் காப்பாற்றுகிறது

ஃபியூஸ் ஜிபிஎஸ்ஸைக் காப்பாற்றுவதற்கு என்று நினைப்பது பரவலான தவறு. அது வயரைக் காப்பாற்றுகிறது. வயர் எங்காவது ஃபிரேமில் உரசித் தோல் போனால், பேட்டரி தன்னிடம் உள்ளதையெல்லாம் அந்த இடத்தில் கொட்டும். சின்ன பைக் பேட்டரியே நொடிக்குள் மெல்லிய வயரைச் சிவக்கவைக்கும், அதுவும் பெட்ரோல் டேங்குக்கு அடியில். ஃபியூஸ் இருக்கும் இடத்துக்குப் பின்னால் உள்ள வயருக்குத்தான் பாதுகாப்பு. அதற்கு முன்னால் பேட்டரி வரை உள்ள வயருக்கு எதுவும் இல்லை. அதனால் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 15 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் வந்துவிட வேண்டும். ஹேண்டில்பார் பக்கத்தில், மாற்றச் சுலபமாக இருக்கட்டும் என்று வைத்தால் அது அலங்காரம்.

பிரேக் சுவிட்ச் வயரிலிருந்து எடுக்கும்போதும் தனி ஃபியூஸ் வேண்டும். அதற்குத்தான் வண்டியின் ஃபியூஸ் ஏற்கனவே இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, 10 அல்லது 15 ஆம்பியருக்கு. சின்ன வண்டிகள் பலவற்றில் மொத்த வண்டிக்கும் அந்த ஒன்றேதான். உங்கள் ஜிபிஎஸ் வயரில் ஷார்ட் ஆனால் அந்த ஃபியூஸ் போகும்; அதோடு விளக்கு, இண்டிகேட்டர், ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டியாக இருந்தால் என்ஜினும் சேர்ந்து போகும். 2 ஆம்பியர் ஃபியூஸ் நடுவில் இருந்தால் போவது ஜிபிஎஸ் மட்டும்.

எத்தனை ஆம்பியர்? 10 வாட் கருவி, மாற்றியின் திறன் 85 சதவீதம் என்றால், 12 வோல்ட்டில் எடுப்பது சுமார் 1 ஆம்பியர். 2 ஆம்பியர் ஃபியூஸ் சரி. போன் சார்ஜரும் சேர்ந்தால் 3 அல்லது 5. பிளேடு ஃபியூஸில் 2 ஆம்பியர் சாம்பல் நிறம், 3 ஊதா, 5 வெளிர் பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம். கடையில் 2 இல்லை, 10 போட்டுக்கொள்ளுங்கள் என்பார்கள். வேண்டாம், அடுத்த கடைக்குப் போங்கள். ஃபியூஸ் போனால் இன்னும் பெரியதைப் போடுவதும் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி மாட்டுவதும் மெக்கானிக் கடைகளில் இன்றும் பார்க்கக்கூடிய வழக்கங்கள். ஃபியூஸ் இரண்டாவது முறை போகிறது என்றால் வயரில் எங்கோ ஷார்ட் இருக்கிறது, அதைத் தேடுங்கள்.

12-ஐ 5 ஆக்குவது

கார்மின் ஸூமோ போன்று பைக்குக்கென்றே செய்த வழிகாட்டிகளில் இந்தக் கவலை இல்லை. அவற்றின் மவுண்ட்டோடு வரும் சிவப்பு, கறுப்பு வயர்களை நேராக 12 வோல்ட்டில் இணைக்கலாம். கையடக்க ஜிபிஎஸ், போன், கார் நாவிகேட்டர் ஆகியவை 5 வோல்ட் கேட்பவை.

கார் நாவிகேட்டர் வைத்திருப்பவர்கள் செய்யும் பெருந்தவறு ஒன்று உண்டு. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் பெரிய பிளக் இடத்தை அடைக்கிறது என்று அதை வெட்டி எறிந்துவிட்டு, மிச்ச வயரை பேட்டரியில் கொடுத்துவிடுவார்கள். 12-ஐ 5 ஆக்கும் மின்சுற்று அந்தப் பிளக்குக்குள்தான் இருக்கிறது. ஃபியூஸும் பெரும்பாலும் அதன் மூக்கிலேயே இருக்கும். வெட்டியதும் 12 வோல்ட் நேராகக் கருவிக்குள் போய் அதை முடித்துவிடும். பிளக்கை வெட்டாமல், அதைப் பிடித்துக்கொள்ளும் ஒரு 12 வோல்ட் சாக்கெட்டை வாங்கி, மழை படாத இடத்தில் மறைத்து வையுங்கள்.

மாற்றி வாங்கும்போது பார்க்க வேண்டியது: உள்ளே வரும் வோல்டேஜ் குறைந்தது 9 முதல் 24 வரை தாங்க வேண்டும், வெளியே 5 வோல்ட், 2 ஆம்பியருக்குக் குறையாமல், ரப்பர் அல்லது எப்பாக்ஸி ஊற்றி மூடியதாக இருந்தால் நீரும் அதிர்வும் அண்டாது. மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டு அனுப்பி வோல்டேஜைக் குறைக்கும் சுவிட்சிங் வகையாக இருக்க வேண்டும். 7805 என்ற மூன்று கால் ஐசியை வைத்துக் கையால் கட்டிக்கொள்ளும் வழக்கம் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்களிடம் உண்டு. ஓடும் வண்டியின் 14 வோல்ட்டில் 1 ஆம்பியர் எடுத்தால் அந்த ஐசி 9 வாட்டை வெறும் சூடாக வெளியேற்ற வேண்டும். வெயில் காலத்தில் அது தாங்காது.

மாற்றி எங்கே இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வேலையிலேயே அதிகம் கவனிக்கப்படாத விஷயம். சீட்டுக்கு அடியில் மாற்றியை வைத்து அங்கிருந்து நீளமான யுஎஸ்பி கேபிளை முன்னால் இழுப்பது வழக்கம். மலிவான யுஎஸ்பி கேபிளின் உள்ளே மின்சாரம் போகும் வயர் 28 கேஜ் தடிமன்தான், மீட்டருக்கு 0.21 ஓம் மின்தடை. ஒரு மீட்டர் கேபிளில் போகவும் வரவும் 0.42 ஓம். 1 ஆம்பியர் ஓடினால் 0.42 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். 2 ஆம்பியர் என்றால் 0.84. 5 வோல்ட் 4.16 ஆகக் கருவிக்கு வரும்போது அது சார்ஜ் ஏற மறுக்கும், அல்லது திரை எரிய எரிய பேட்டரி சதவீதம் இறங்கிக்கொண்டே போகும். அதே தூரத்தை 12 வோல்ட் பக்கம் 0.75 சதுர மில்லிமீட்டர் வயரில் கடந்தால் இழப்பு 0.1 வோல்ட்டுக்கும் குறைவு. எனவே நீண்ட ஓட்டம் 12 வோல்ட்டில், கடைசி 30, 40 சென்டிமீட்டர் மட்டும் 5 வோல்ட்டில். மாற்றி ஹெட்லைட் கூட்டுக்குள்ளோ முன் கவுலுக்குப் பின்னாலோ இருக்கட்டும்.

ஆனால் ஜிபிஎஸ்ஸை ஒட்டினாற்போல் வைத்துவிடக் கூடாது. 1575.42 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளிலிருந்து தரைக்கு வந்து சேரும் சிக்னலின் சக்தி, ஒரு வாட்டை நூறு கோடி கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு அளவுதான். மட்டமான சுவிட்சிங் மாற்றி எழுப்பும் இரைச்சல் அதை மூழ்கடித்துவிடும். சார்ஜர் போட்டால் இடம் தடுமாறுகிறது, கழற்றினால் சரியாகிறது என்றால் காரணம் இதுதான். 20 சென்டிமீட்டர் தள்ளி வைத்து, கேபிளில் இரைச்சலை அடக்கும் ஒரு ஃபெரைட் உருளையை மாட்டினால் பெரும்பாலும் தீரும். தீராவிட்டால் மாற்றியையே மாற்ற வேண்டியதுதான்.

வேலையைத் தொடங்கலாம்

வாங்க வேண்டியவை: 0.75 சதுர மில்லிமீட்டர் பல இழை ஆட்டோ வயர், சிவப்பிலும் கறுப்பிலும் இரண்டிரண்டு மீட்டர் (வீட்டு வயரிங்கில் வரும் ஒற்றைக் கம்பி வயர் அதிர்வில் ஒடியும், அது வேண்டாம்). மூடி போட்ட பிளேடு ஃபியூஸ் ஹோல்டர் ஒன்று. 2 ஆம்பியர் ஃபியூஸ் நான்கு. 6 மில்லிமீட்டர் ஓட்டை உள்ள வளைய லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) இரண்டு. தண்ணீர் புகாத இரண்டு பின் கப்ளர் ஒரு ஜோடி. ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் அரை மீட்டர். வயரை மூடும் கறுப்பு ஸ்லீவ் இரண்டு மீட்டர். பிளாஸ்டிக் டை ஒரு டஜன். கருவிகளில் மல்டிமீட்டரும், லக்கை வயரில் நசுக்கி இறுக்கும் நல்ல கிரிம்பிங் பிளையரும் முக்கியம். சாதாரண கட்டிங் பிளையரால் நசுக்கிய லக் ஒரு மாதம் கழித்துக் கையோடு வந்துவிடும்.

பேட்டரியில் மைனஸை முதலில் கழற்றுங்கள். பிளஸ்ஸை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் ஃபிரேமில் பட்டால் நேரடி ஷார்ட்; மைனஸ் கழன்றிருந்தால் ஸ்பேனர் ஃபிரேமில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. திரும்ப மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பிளஸ்தான் பாடியோடு எர்த் ஆகியிருக்கும். பேட்டரி 6 வோல்ட்டாகக்கூட இருக்கலாம். அப்படிப்பட்ட வண்டிக்கு இந்த வழிமுறை பொருந்தாது.

வயரை முதலில் இணைக்காமல் வெறுமனே விரித்து வழியைத் தீர்மானியுங்கள். வண்டியின் சொந்த வயரிங் செட் போகும் பாதையே சிறந்த பாதை. கம்பெனிக்காரர் சூட்டையும் உரசலையும் யோசித்துத்தான் அப்படி விட்டிருக்கிறார். சைலென்சர் பைப், சிலிண்டர் ஹெட், ஸ்பார்க் பிளக் வயர் மூன்றிலிருந்தும் விலகி இருக்க வேண்டும். ஹேண்டில்பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். இரண்டு கோடியிலும் வயர் இழுபடக் கூடாது, ஹேண்டில்பார் திரும்பும் கழுத்து பேரிங்கான கோன் செட் பக்கத்தில் நசுங்கவும் கூடாது. வயர் ஒடிவது பெரும்பாலும் இந்தக் கழுத்துப் பகுதியில்தான், அதுவும் தோல் நன்றாக இருக்க உள்ளே மட்டும் ஒடியும்.

எர்த் வயரை பேட்டரி மைனஸுக்கே கொண்டுபோங்கள். ஹேண்டில்பாரில் ஒரு போல்ட்டைத் தேடி எர்த் எடுப்பது சோம்பேறித்தனம். பல வண்டிகளில் ஹேண்டில்பார் ரப்பர் புஷ்ஷில் உட்கார்ந்திருக்கும். இல்லாவிட்டாலும் மின்சாரம் கோன் செட்டின் கிரீஸ் தடவிய குண்டுகள் வழியாகத்தான் திரும்பி வர வேண்டும்.

வண்டியின் வயரிலிருந்து கிளை எடுக்கும்போது, அதை வெட்டாமல் கப்ளருக்குப் பக்கத்திலோ புல்லட் டெர்மினலிலோ (குண்டு வடிவச் செருகுமுனை) எடுக்க முடிந்தால் அதுவே மேல். ஒன்றை இரண்டாக்கும் புல்லட் டெர்மினல் கடைகளில் கிடைக்கும். நீலமும் சிவப்புமாக வரும் பிளாஸ்டிக் டி-டேப் கிளிப்பை வைத்து அமுக்கினால் ஒரு நிமிடத்தில் வேலை முடியும், ஆனால் அதன் தகடு வயரின் சில இழைகளை வெட்டிவிடும். வெட்டிய இடத்தில் மழைநீர் இறங்கிப் பச்சை பூக்கும். சால்டரிங் செய்தால் ஈயம் ஏறிய இடத்துக்கும் ஏறாத இடத்துக்கும் நடுவில் வயர் விறைத்து, அதிர்வில் அங்கேயே ஒடியும். அந்த இடத்தை ஸ்லீவ் போட்டு ஃபிரேமோடு அசையாமல் கட்டினால் மட்டும் சரி. வெறும் முறுக்கு, மேலே இன்சுலேஷன் டேப் என்பது வெயிலில் பசை உருகும்வரைதான் தாங்கும்.

இரண்டு பின் கப்ளரில் ஒரு பாதியில் பின் வெளியே நீட்டியிருக்கும், மறுபாதியில் மறைந்திருக்கும். பேட்டரியிலிருந்து வரும் நுனிக்கு மறைந்த பாதியைப் போடுங்கள். ஜிபிஎஸ்ஸைக் கழற்றிய நேரத்தில் அந்த நுனி ஃபிரேமில் பட்டாலும் ஷார்ட் ஆகாது. கப்ளருக்கு முன்னால் வயரைச் சற்றுக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், அப்போது வயரைப் பிடித்துக்கொண்டு வரும் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

ஜிபிஎஸ்ஸை மாட்டுவது கடைசி வேலை. அதற்கு முன் ஃபியூஸைப் போட்டு, சாவி போட்டு, கப்ளர் நுனியில் அளந்து பாருங்கள்: பிளஸ் மைனஸ் சரியா, என்ஜின் ஓடும்போது 14 அளவில் நிற்கிறதா, யுஎஸ்பி நுனியில் 5 வருகிறதா. பிறகு சாவியை அணைத்து, பேட்டரி மைனஸைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் வாயில் செருகி, மைனஸ் வயருக்கும் டெர்மினலுக்கும் நடுவில் வைத்து, எத்தனை கசிகிறது என்று பாருங்கள். மீட்டர் நடுவில் இருக்கும்போது செல்ஃப் பட்டனைத் தொடக் கூடாது, மீட்டரே போய்விடும். ஜிபிஎஸ் லைனின் ஃபியூஸை உருவினாலும் போட்டாலும் அளவு மாறவில்லை என்றால், சாவி அணைந்த பிறகு உங்கள் இணைப்பு எதையும் குடிக்கவில்லை.

பிறகு வரும் தொல்லைகள்

செல்ஃப் அடிக்கும்போது ஜிபிஎஸ் அணைந்து மறுபடி தொடங்கினால், வோல்டேஜ் 9-க்குச் சரிவதே காரணம். உள்ளே பேட்டரி உள்ள கருவிக்கு இது ஒரு பொருட்டில்லை. மேடு பள்ளத்தில் மட்டும் 'மின்சாரம் துண்டிக்கப்பட்டது' என்று வந்தால் லூஸ் கான்டாக்ட். முதலில் மவுண்ட்டின் பின்களையும் யுஎஸ்பி முனையையும், அடுத்து கழுத்துப் பகுதி வயரையும் பாருங்கள். கையடக்கக் கருவி வரைபடத்தைக் காட்டாமல் கணினிப் படத்தைக் காட்டினால், டேட்டா கேபிளைக் கணினி என்று அது எண்ணிக்கொண்டிருக்கிறது. அந்தக் கருவிக்கென்று உள்ள சார்ஜிங் கேபிள் தேவை.

மே மாத மதியத்தில் சார்ஜ் ஏறாமல் நின்றால் உடனே வயரைக் குடைய வேண்டாம். பெரும்பாலான லித்தியம் பேட்டரிகளை 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது என்பதால் கருவியே நிறுத்திக்கொள்ளும். நிழலில் பத்து நிமிடம் நிறுத்தினால் தானே ஏறத் தொடங்கும். போனையே வழிகாட்டியாக மாட்டுகிறவர்களுக்கு வேறொரு விஷயம்: பெரிய என்ஜின்களின் அதிர்வு ஐபோன் கேமராவின் நடுக்கத்தடுப்பு அமைப்பைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் 2021-இல் அறிவித்தது. அதிர்வைக் குறைக்கும் மவுண்ட் இல்லாமல் போனை மாட்டாதீர்கள்.

டிராக்கர் வேறு கணக்கு

வண்டி திருடுபோனால் கண்டுபிடிக்கப் பொருத்தும் ஜிபிஎஸ் டிராக்கருக்கு மேலே சொன்னதில் ஒன்று தலைகீழ். அதற்குச் சாவி அணைந்த பிறகும் மின்சாரம் வேண்டும். பேட்டரி பிளஸ்ஸுக்கு ஃபியூஸோடு ஒரு வயர், மைனஸுக்கு ஒன்று, சாவியோடு வரும் வயருக்கு ஒன்று என மூன்று இணைப்பு இருக்கும். மூன்றாவது வயர் மின்சாரம் எடுப்பதற்கு அல்ல, வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று டிராக்கருக்குச் சொல்வதற்கு. அது தெரிந்தால்தான் டிராக்கர் தூக்க நிலைக்குப் போகும். பொருத்துகிறவர் வேலையைச் சுருக்க அந்த வயரையும் பேட்டரியிலேயே சேர்த்துவிட்டால், டிராக்கர் என்றுமே தூங்காது. விழித்திருக்கும் டிராக்கர் 40 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்தால், 4 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டே நாளில் பாதி. தூக்கத்தில் 5 மில்லி ஆம்பியர் என்றால் அதே பாதிக்குப் பதினாறு நாள் ஆகும். டிராக்கர் போட்ட பிறகு பேட்டரி நிற்கவில்லை என்று புகார் வந்தால் முதலில் இந்த வயரைத்தான் பார்க்க வேண்டும்.

டிராக்கரை டேங்குக்கு அடியில் ஒளித்தால் தகரம் சிக்னலை மறைக்கும். சீட்டின் ஃபோமுக்குக் கீழே, பின் பேனலின் பிளாஸ்டிக்குக்கு உள்ளே, ஆன்டெனா பக்கம் வானத்தைப் பார்க்கும்படி வைத்தால் போதும்.

பல டிராக்கர்களில் நான்காவதாக ஒரு வயரும் சின்ன ரிலேயும் வரும்: போனிலிருந்து கட்டளை அனுப்பி என்ஜினை நிறுத்துவதற்கு. அதை இணைக்காமல், முனையில் ஸ்லீவ் போட்டு மடித்துக் கட்டிவிடுங்கள். இக்னிஷன் லைனை வெட்டி நடுவில் மலிவான ரிலே ஒன்றை நுழைத்தால், அது அதிர்வில் ஒரு நொடி கைவிட்டாலும் லாரிக்கு முன்னால் என்ஜின் அணையும்.